பெயர் ஓர் அமானிதம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

   

இன்று நான் எடுத்துக் கொண்டிருக்கும் பொருள் பார்வைக்குச் சிறியது. வட்டப்பெயர் என்று நம் பகுதியில் சொல்கிறோமே, அதைப் பற்றியும், அதனால் மூளும் முன்கோபத்தைப் பற்றியும் பேச விரும்புகிறேன். இதற்கெல்லாமா ஒரு பயான் என்று சிலர் நினைக்கலாம். ஆனால், சொத்துத் தகராறு, பாதைத் தகராறு என்று நம் ஜமாஅத்தின் முன் வருகின்ற பலவற்றின் அடியைத் தோண்டிப் பாருங்கள். என்றோ ஒரு நாள் நாலு பேர் முன்னிலையில் சொல்லப்பட்ட ஒரு கேலிப் பெயர் அங்கே புதைந்து கிடக்கும். நிலத்தை அளந்து கொடுத்து விடலாம். அந்தச் சொல்லை எவராலும் அளந்து எடுக்க முடிவதில்லை.

வட்டப்பெயர் ஏன் பிறக்கிறது? நம் முன்னோர் பெரியார்களின் மீது கொண்ட அன்பினால் அவர்களின் பெயர்களையே பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள். தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முஹம்மது அப்பாவின் பெயர், நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயர், பொட்டல்புதூரில் நினைவுகூரப்படும் முஹ்யித்தீன் ஆண்டகையின் பெயர் ஆகியவை ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நின்று "மைதீன்!" என்று ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆகவே, யார் என்று பிரித்தறிய ஓர் அடைமொழி தேவைப்பட்டது. மரக்கடை, ஆப்பக்கடை என்று தொழிலால் வந்த பெயருண்டு. கொழும்பார், பினாங்கார் என்று பயணத்தால் வந்த பெயருண்டு. இவற்றில் குற்றமில்லை. ஆனால், நொண்டி, திக்குவாய், ஒற்றைக்கண் என்று உடற்குறையால் வந்த பெயர்களும் இருக்கின்றன. வாலிபத்தில் ஒரு நாள் தவறிச் சொன்ன சொல்லையோ, தடுக்கி விழுந்த நிகழ்ச்சியையோ வைத்துக் கட்டப்பட்ட பெயர்களும் இருக்கின்றன. விழுந்தவர் எழுந்துவிட்டார். பெயர் எழவில்லை. அது மகனுக்கும் பேரனுக்கும் வந்து, பெண் பேசப் போகும் இடத்தில்கூட முன்னால் போய் நிற்கிறது.

சகோதரர்களே! இது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, பனூ ஸலிமா குலத்தாரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றைச் சொல்லி நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரை அழைத்தால், "அல்லாஹ்வின் தூதரே! அந்தப் பெயரைக் கேட்டால் அவர் கோபப்படுவார்" என்று அருகிலிருந்தோர் எடுத்துரைப்பார்களாம். இந்தச் சூழலில்தான், ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் குத்திப் பேசுவதையும் பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் விலக்குகின்ற அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் இறங்கியது என்று அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம். இதைச் சிந்தியுங்கள். அந்தப் பெயரில் குறை உண்டா இல்லையா என்ற ஆராய்ச்சி அங்கே நடக்கவில்லை. கேட்பவருக்குக் கோபம் வருகிறது என்பதே போதுமானதாயிற்று.

அப்படியானால் செல்லப்பெயரே கூடாதா? கூடும். அபூஹுரைரா (ரலி) அவர்களைப் பூனைக்குட்டியோடு சேர்த்தே உலகம் அறிந்திருக்கிறது. அலி (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இன்னும் அழகானது. நாயகம் (ஸல்) அவர்கள் மகளார் ஃபாத்திமா (ரலி) வீட்டுக்கு வந்தபோது மருமகனைக் காணவில்லை. எங்களுக்குள் ஏதோ மனவருத்தம், கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார் என்றார் மகளார். தேடச் சொன்னால், அலி (ரலி) பள்ளிவாசலில் உறங்கிக் கொண்டிருக்கிறார்கள். மேலாடை நழுவி, உடலில் மண் ஒட்டியிருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் கையால் அந்த மண்ணைத் துடைத்துவிட்டு, "அபூதுராபே, எழுந்திரும்!" என்று எழுப்பினார்கள். மண்ணின் தந்தை என்று பொருள். யார் பக்கம் தவறு என்று விசாரிக்கவில்லை. கோபத்தோடு வெளியேறியவரை அன்பான ஒரு பெயரால் வீட்டுக்குத் திருப்பினார்கள். தமக்கிருந்த பெயர்களுள் அலி (ரலி) அவர்களுக்கு மிகவும் பிரியமானது இதுவே என்று ஸஹ்ல் இப்னு ஸஃது (ரலி) அறிவிக்கிறார்கள்.

ஆனால், பின்னொரு காலத்தில் மதீனாவின் ஆளுநராக இருந்த ஒருவர் அதே பெயரைச் சொல்லி அலி (ரலி) அவர்களைத் தூற்றுமாறு பணித்தார். அப்போதுதான் ஸஹ்ல் (ரலி) மறுத்து, பெயர் வந்த இந்த வரலாற்றை எடுத்துரைத்தார்கள். எழுத்து ஒன்றுதான். ஒரு வாயில் அது மருந்து, இன்னொரு வாயில் நஞ்சு. ஆகவே, "எல்லாரும்தானே சொல்கிறார்கள்" என்பது ஒரு சமாதானமாகாது.

அடையாளத்திற்காகச் சொல்வதென்ன என்று கேட்பீர்கள். நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஹுமைத் என்ற பெயரில் இருவர் அண்டை வீட்டார். ஒருவர் குட்டையானவர் என்பதால், மற்றவர் நெட்டையர் அல்லாதபோதும் 'ஹுமைத் அத்தவீல்', அதாவது நெடிய ஹுமைத் ஆகிவிட்டார் என்று சொல்லப்படுகிறது. நம் தெருவில் நடப்பதேதான்! அஃமஷ் என்றால் பார்வை மங்கியவர், அஃரஜ் என்றால் கால் ஊனமானவர். இப்பெயர்களாலேயே இரண்டு பெரும் அறிவிப்பாளர்கள் அறியப்படுகிறார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதற்கு ஒரு வரம்பு கட்டினார்கள். வேறு விதமாக அறிமுகப்படுத்த முடிந்தால் அதுவே சிறந்தது, இழிவுபடுத்தும் எண்ணத்தோடு சொல்வது ஹராம் என்பதே அது.

இந்த வரம்பைப் பேணுவது எப்படி என்பதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. இஸ்மாயீல் இப்னு இப்ராஹீம் என்ற பேரறிஞர், தம் தாயாரின் பெயரால் இப்னு உலைய்யா என்று அழைக்கப்பட்டார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. யஹ்யா இப்னு மயீன் (ரஹ்) அப்பெயரைச் சொன்னபோது, இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்), "அவர் அதை வெறுப்பதாக எனக்குச் செய்தி எட்டியிருக்கிறது, இஸ்மாயீல் இப்னு இப்ராஹீம் என்றே சொல்லுங்கள்" என்று திருத்தினார்கள். யஹ்யா (ரஹ்) வாதாடவில்லை. ஊரெல்லாம் சொல்கிறதே என்று சொல்லவில்லை. நன்மையைக் கற்பிப்பவரே, ஏற்றுக்கொண்டோம் என்றார்கள். தாயின் பெயரில் என்ன இழிவு? ஒன்றுமில்லை. இருந்தும், உரியவர் விரும்பவில்லை என்றவுடன் அத்துடன் நிறுத்தினார்கள்.

என் பேச்சின் சாரம் இதுவே. விளையாட்டா, வேதனையா என்று முடிவு செய்யும் உரிமை அழைப்பவருக்கு இல்லை, அழைக்கப்படுகிறவருக்கே உண்டு. அவர் முகம் சுருங்கிய அக்கணமே விளையாட்டு முடிந்துவிட்டது. ஒரு பெண்மணியின் குள்ளத்தன்மையைச் சுட்டிச் சொல்லப்பட்ட ஒரு சொல்லைக் கேட்டு, அது கடல் நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். கடலுக்கே அந்தக் கதி என்றால், நம் குற்றாலத்து அருவி எம்மாத்திரம்?

இனி, கோபப்படும் சகோதரருக்கும் ஒரு வார்த்தை. ஊரில் பல பெயர்கள் தோன்றுகின்றன, மறைகின்றன. ஆனால், கல்லை எடுத்துக்கொண்டு துரத்துகிறவரின் பெயர் மட்டும் மறைவதே இல்லை. மதிலுக்குப் பின்னால் ஒளிந்து குரல் கொடுக்கும் சிறுவர்களுக்கு அந்தப் பெயர் முக்கியமன்று. அவருடைய கோபம்தான் வேடிக்கை. மல்யுத்தத்தில் வீழ்த்துகிறவன் வீரனல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்கிக் கொள்பவனே வீரன் என்பது நாயக வாக்கு. நின்றால் உட்காருங்கள், அதிலும் தணியாவிட்டால் சாய்ந்து கொள்ளுங்கள் என்பதும் அவர்கள் காட்டிய வழி. உள்ளம் புண்பட்டால் அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். மறுநாள் தனியே அழைத்து, "அந்தப் பெயர் எனக்கு வேண்டாம்" என்று சொல்லுங்கள். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகுமானதன்று.

குற்றாலக் குறவஞ்சியைத் தந்த திரிகூடராசப்பக் கவிராயர் நம் மேலகரத்தில் பிறந்தவர். அந்நூலில் சிங்கன் ஐயத்தோடு கேள்வி மேல் கேள்வி கேட்பான். சிங்கியோ ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு வரும்படி பதில் சொல்வாள். சண்டையாக வேண்டியது கூடலாக முடியும். இனிய பதிலால் சினத்தை ஆற்றும் கலை இந்த மண்ணுக்குப் புதியதன்று.

நிறைவாக ஜமாஅத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, நம் மக்தப் மதரஸாவில் எந்தப் பிள்ளையையும் வட்டப்பெயரால் அழைக்கக் கூடாது. உஸ்தாது ஒருமுறை சொன்னால் வகுப்பு முழுவதும் ஆயுளுக்கும் சொல்லும். இரண்டு, நிக்காஹ் தஃப்தரிலும் சந்தா ஏட்டிலும் பெயர், தந்தை பெயர், தெரு ஆகியவற்றையே எழுத வேண்டும். அடைப்புக்குறிக்குள் வேறொன்றும் வேண்டாம்.

மூன்றாவது, மவுத்து அறிவிப்பு. ஒலிபெருக்கியில் சொந்தப் பெயரை மட்டும் சொன்னால் யாரென்று ஊருக்குத் தெரிவதில்லை. வட்டப்பெயரைச் சொன்னாலோ, மையித்தின் அருகில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் தலை குனிகிறது. தந்தை பெயர், தெரு, தொழில், இன்னாரின் தகப்பனார் என்று நான்கையும் சொல்லுங்கள். அதற்கு மேலும் ஓர் அடையாளம் தேவைப்பட்டால், மோதினார் முதலில் வீட்டாரிடம் கேட்டுக் கொள்ளட்டும். வாழ்நாள் முழுவதும் ஒரு மனிதர் சகித்துக் கொண்ட பெயரை, கடைசி அறிவிப்பிலாவது நாம் இறக்கி வைப்போமாக.

பெற்றோர் துஆச் செய்து சூட்டிய பெயர் நம் நாவில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைச் சிதைக்காமல் உரியவரிடம் சேர்ப்பிக்கும் நற்பேற்றையும், கோபத்தை விழுங்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.