மதுவும் சாலை விபத்தும்: சான்று கரையும் நேரம்

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களுள் மது அருந்தி வாகனம் ஓட்டியதால் மாண்டோர் 3 சதவீதத்திற்கும் குறைவு என்கின்றன பதிவேடுகள். நண்பர்களே, இதனை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பின் அது குற்றம் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அந்த அளவோ மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் குறைந்துகொண்டே செல்லும். விபத்தின்போது 80 இருந்தவரிடம் நான்கு மணி நேரத்திற்குப் பின் 20தான் எஞ்சும். ஏட்டில் அவர் குடியாதவர்! கைதானவரை இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தாவிடில் விடுவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டந்தான். நள்ளிரவில், நெடுஞ்சாலையில், மருத்துவருக்கு எங்கே போவது? 2019-இல் அபராதத்தை 10,000 ரூபாயாக உயர்த்தினோம்; நல்லதே. ஆனால் காயமுற்று வரும் ஓட்டுநரின் இரத்த மாதிரியை, சிகிச்சையைத் தாமதப்படுத்தாமல், வந்தவுடன் எடுத்து நேரத்தையும் குறித்துவைக்கும் முறை எத்தனை அரசு மருத்துவமனைகளில் உள்ளது?