பேண்டு மெட்டில் ஏகாம்பரர்



வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள், காஞ்சி வரதருக்குக் கருட சேவை. இருள் பிரியும் முன்பே பெருமாள் கோபுர வாசலுக்கு வந்துவிடுவார். சோளிங்கரைச் சேர்ந்த பக்தர் தொட்டாச்சாரியாருக்காக அவரை ஒரு கணம் குடையால் மறைத்து, மறுபடி சேவை சாதிக்க வைப்பார்கள். அப்புறம் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரை நடைதான். முன்னே திவ்விய பிரபந்த கோஷ்டி, பின்னே வேத பாராயணம், நாயனம், தவில். முன்னே பாடும் உரிமை யாருக்கு என்று வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். நடந்துகொண்டே பாடுவது இந்த ஊரில் அவ்வளவு பெரிய விஷயம்!

இந்த ஊரின் தெய்வங்கள் பேண்டு மெட்டுக்குள்ளும் புகுந்திருக்கிறார்கள். 1775இல் திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், இளமையில் சென்னையை அடுத்த மணலியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) குடும்பமான முதலியார் வீட்டின் ஆதரவில் இருந்தார். கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்டு வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. நோட்டுஸ்வரம் என்று பெயர். ஏறக்குறைய நாற்பது உருப்படிகள். சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் கிடையாது, துள்ளல் நடை. இங்கிலாந்து ராஜாவைக் காப்பாற்றச் சொல்லும் மெட்டு, தீட்சிதர் கையில் சியாமளா தேவியிடம் தன்னைக் காப்பாற்றச் சொல்கிறது. அயர்லாந்தின் நாட்டுப்புற ஆட்ட மெட்டு ஒன்று மீனாட்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வரிசையில்தான் 'காஞ்சீசம் ஏகாம்பரம்' இருக்கிறது. 'வரதராஜ பாஹி'யும் இருக்கிறது.

பின்னாளில் தீட்சிதர் காஞ்சிபுரத்திலேயே சில ஆண்டுகள் தங்கினார். நூற்றெட்டு உபநிடதங்களுக்கும் உரை கண்ட உபநிஷத் பிரம்மேந்திரரின் பழக்கம் அங்கேதான். பிருதிவி லிங்கமான ஏகாம்பரேசுவரரைப் பைரவியில் நின்று நிதானித்துப் பாடியவர் தீட்சிதர். அதே சுவாமியைப் பட்டாளத்து நடையில் கூப்பிடவும் அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னால் வந்த நமக்குத்தான் எது சாஸ்திரியம், எது இல்லை என்ற கவலையெல்லாம்.

இனிக் கொஞ்சம் தூரம் போவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர், நியூ பெட்ஃபோர்ட் என்று இரண்டு பழைய பஞ்சாலை ஊர்கள். போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளிலிருந்து பிழைக்கப் போனவர்கள் அங்கே மில் வேலைக்குச் சேர்ந்தார்கள். போன இடத்தில் கோயில் கட்டினார்கள். கூடவே ஊர் பேண்டும் அமைத்தார்கள். பகலில் தறி, மாலையில் கிளாரினெட். திருவிழா வந்தால் சீருடை மாட்டிக்கொண்டு, கிறிஸ்துவின் சுரூபத்தோடு தெருவில் வாசித்துக்கொண்டு நடப்பார்கள். வாசிப்பவர்களில் பலருக்கு அது பிழைப்பல்ல. அப்பா வாசித்த பேண்டில் பிள்ளை சேருவதும் பேத்தி சேருவதும் சாதாரணம்.

நெசவாளர், சாமி புறப்பாடு, நடந்தபடி இசை. காஞ்சிபுரத்தில் இதற்கு இணை எது? கல்யாணத்துக்கும் ஊர்வலத்துக்கும் கூப்பிடும் பேண்டு செட் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அவர்களுக்கு அது தொழில். நாயனக்காரர்களுக்குப் பரம்பரைத் தொழில். நிஜமான இணை மார்கழி பஜனைதான். வடதமிழ்நாட்டில் பஜனை கோயில் தெரு இல்லாத ஊர் குறைவு. விடிகாலையில் ஜால்ராவும் மிருதங்கமும் ஆர்மோனியமுமாகத் தெருவைச் சுற்றி வருபவர்கள் அந்தந்தத் தெருக்காரர்கள். நன்றாகப் பாடுகிறவரும் வருவார், சுருதி சேராதவரும் வருவார். யாரும் யாரையும் விலக்குவதில்லை. விடிந்ததும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். நெசவுத் தெருவென்றால் குழித்தறியில் இறங்கிவிடுவார்கள்.

இருந்தாலும் காஞ்சிபுரத்து பேண்டு செட்டுக்காரர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. சினிமாப் பாட்டு வாசியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுவே ஒரு தரம் 'காஞ்சீசம் ஏகாம்பரம்' எடுத்துப் பாருங்கள். சின்ன மெட்டு, இரண்டு ஒத்திகை போதும். டிரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் சிரமமே இராது. பேண்டிலிருந்து வந்த உருப்படிதானே!