ஊருக்கு ஒரு குடும்ப டாக்டர்

(பங்கின் பொன்விழாவையொட்டி, மருத்துவக் கல்லூரி மாணவ மாணவியர்க்கு ஆற்றிய உரை)



நமது பங்கின் பொன்விழா ஆண்டில் மருத்துவம் பயிலும் பிள்ளைகள் இத்தனை பேர் கூடியிருப்பது எங்களுக்கு மட்டற்ற மகிழ்ச்சி தருகிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறோம். உங்களில் சிலராவது குடும்ப மருத்துவர்களாக வேண்டும் என்பதே அது.

"வெறும் எம்.பி.பி.எஸ்.தானா? மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்று உறவினர் கேட்பதை அறிவோம். இதயம், மூளை, எலும்பு என்று ஒவ்வோர் உறுப்புக்கும் நிபுணர் வேண்டும்தான். அவர்களது அறிவையும் உழைப்பையும் நாங்கள் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மனிதன் உறுப்புகளின் மூட்டை அல்லனே! முழு மனிதனையும் அவன் வாழும் வீட்டையும் அறிந்த வைத்தியர் ஒருவர் வேண்டாமா?

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருக்களாகிய நாங்கள் காண்பது என்ன? கட்டிலருகே ஒரு பை நிறைய மாத்திரைகள். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இரத்த அழுத்தத்துக்கு ஒருவர், முழங்கால் வலிக்கு இன்னொருவர். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. மூட்டுவலிக்கு விழுங்கும் சில மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தவும் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் கூடும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. "சாமி, இதிலே எதை நிறுத்தலாம்?" என்று எங்களைக் கேட்கிறார்கள்! கேட்பதற்கு வேறு யாரும் இல்லை என்பதுதானே இதன் பொருள்?

குடும்ப மருத்துவரின் பணி மூன்று வகைப்படும். முதலாவது, எந்த நோயானாலும் முதலில் பார்ப்பவர் அவரே. பெரும்பாலானவற்றைத் தாமே கவனித்து, தேவைப்படுவோரை மட்டும் உரிய நிபுணரிடம் அனுப்புவார். இரண்டாவது, பேரன் கருவில் இருக்கும் காலமுதல் பாட்டனாரின் இறுதி நாள்வரை தொடர்ந்து உடனிருப்பார். மூன்றாவது, பலர் எழுதிய சீட்டுகளை ஒருங்கே வைத்துப் பார்த்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு சொல்வார்.

இது சிறிய வேலையா? வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் பணியாற்றினார். வைத்தியம் யாருக்கு மிகுதியும் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் 'லான்செட்' இதழில் எழுதியவர் அவர். எழுதியதோடு நிற்கவில்லை. நோயென்று வராதவர்களையும் தேடி, ஊரார் அனைவருக்கும் இரத்த அழுத்தம் பார்த்தார். 25 ஆண்டுப் பணியின் கணக்கை 1991-இல் வெளியிட்டபோது, 65 வயதுக்குள் இறப்போர் விகிதம் பக்கத்து ஊரைவிட அவ்வூரில் குறைந்திருந்தது. பெரிய இயந்திரம் எதுவுமில்லை. அளக்கும் கருவியும் குறிப்பேடும் பொறுமையுமே அவரது ஆயுதங்கள்.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்தபின் குடும்ப மருத்துவத்தில் 3 ஆண்டு டி.என்.பி. பயிற்சி பெறலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனித் துறையே உண்டு. அனைவருக்கும் அடிப்படை மருத்துவம் என்று 1978-இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் செய்த பிரகடனம், இத்தகைய டாக்டர்கள் இல்லாமல் காகிதத்திலேயே நின்றுவிடும்.

இடர்கள் இல்லையென்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். நிபுணருக்குரிய வருமானமும் மதிப்பும் எளிதில் வாரா. நள்ளிரவில் கதவு தட்டப்படும். ஆகவே பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பிள்ளையின் படிப்பைக் கலியாணச் சந்தையின் தராசில் நிறுக்காதீர்கள். பங்கு மக்களே, பக்கத்துத் தெரு டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கத் தயங்கிவிட்டு, தேவையற்ற ஸ்கேனுக்கு ஆயிரமாயிரமாகக் கொட்டுகிறோமே, இது முறைதானா? நாம் மதிக்காத பணிக்கு நம் பிள்ளைகள் எப்படி முன்வருவார்கள்?

மாணவச் செல்வங்களே, உங்கள் பெயர்ப்பலகையில் எழுத்துகள் குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரு தெரு முழுவதும் உங்களை "எங்கள் டாக்டர்" என்று அழைக்கும். அந்த உரிமைச் சொல்லுக்கு உங்களில் சிலர் தகுதி பெற இறைவன் துணைநிற்பாராக!