பள்ளிப் பிள்ளையின் துயரமும் நமது கடமையும்

(புதுக்கோட்டையில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றி, போனஸைப் பற்றி, பஞ்சப்படியைப் பற்றி நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று நம் பிள்ளைகளின் மனதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். “வயிற்றுப்பாட்டுக்கே வழி காணோம், மனசைப் பற்றி என்ன பேச்சு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வசதி படைத்தவன் வீட்டுப் பிள்ளை மனம் உடைந்தால் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். வேறு பள்ளியில் சேர்க்கிறார்கள். நம் பிள்ளை மனம் உடைந்தால் படிப்பை விட்டு நிற்கிறான். நின்ற மறுமாதமே பனியன் கம்பெனிக்கோ, செங்கல் சூளைக்கோ போய்ச் சேருகிறான். பெண்பிள்ளையானால் மாப்பிள்ளை தேடத் தொடங்கிவிடுகிறோம். இதில் யாருக்கு லாபம்? மலிவுக் கூலிக்கு ஆள் தேடுகிறவனுக்கே லாபம். ஆகவேதான் இது நம் வர்க்கத்தின் பிரச்னை என்கிறோம்.

ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளை, புத்தகப் பையோடு வேறு எதையெல்லாம் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போகிறது?

முதலாவது, பசி. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கென்றே தொடங்கப்பட்டது. ஆறாவதுக்குப் போனதும் பசி நின்றுவிடுமா? விடியுமுன் நாற்று நடப் போகும் தாய்க்கு உலை வைக்க நேரம் ஏது? பழைய சோறு இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் வெறும் வயிறு. அந்த வயிற்றோடு வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைக்குக் கிடைப்பது ‘சோம்பேறி’ என்ற பட்டம்!

இரண்டாவது, சாதி. 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளை, மறுநாள் வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரும்போது அதன் நெஞ்சு என்ன பாடுபடும்?

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததையும் அறிவீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை, அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள், தங்கையும் வெட்டுப்பட்டாள். சாதித் தொல்லை தாங்காமல் அவன் பள்ளிக்குப் போகாமல் நின்றிருந்தான். விஷயம் ஆசிரியர்களுக்குத் தெரிந்த பிறகு விழுந்த வெட்டு அது! துயரத்தை வெளியே சொன்னால் மட்டும் போதாது, சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்பதே நாங்குநேரி தரும் பாடம். அரிவாள் பிடித்த பிள்ளைகளின் மனதில் விஷத்தை ஊற்றியது யார்? கையில் சாதிக் கயிறு கட்டிவிடும் பெரியவர்கள் அல்லவா?

மூன்றாவது, பயம். பரீட்சைப் பயம், பிரம்புப் பயம், தகாத கை வைக்கும் பெரியவனிடம் பயம், கல்யாணப் பயம். அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமைக்கு 2012-ம் ஆண்டின் போக்ஸோ சட்டம் இருக்கிறது. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது என்று 2006-ம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. சட்டங்கள் ஏட்டில் இருக்கின்றன. பிள்ளையின் பக்கத்தில் ஆள் இருக்கிறதா?

பக்கத்தில் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சரித்திரம் உண்டு. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, தேவதாசி குலத்துத் தாயின் மகள். ஆண்பிள்ளைகளே படித்து வந்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாதென்று எதிர்ப்புக் கிளம்பியது. தந்தை துணை நின்றார், ராஜா அனுமதித்தார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னைச் சட்டசபைக்குச் சென்றார். திக்கற்ற பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கச் சென்னையில் ஔவை இல்லம் கண்டார். ஆனால் தோழர்களே, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ராஜாவின் தயவுக்குக் காத்திருக்க முடியுமா? அன்று தயவாகக் கிடைத்ததை இன்று உரிமையாகக் கேட்கிறோம்.

நாங்குநேரிக்குப் பின் சர்க்கார் அமைத்த நீதிபதி சந்துரு கமிட்டி, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு கூடாது. 500 பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அதிகாரி வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது. நல்ல சிபாரிசு. ஆனால் 500 பேர் இல்லாத கிராமத்துப் பள்ளியின் கதி என்ன? நம் பிள்ளைகளில் பலர் அங்கேதானே படிக்கிறார்கள்?

ஆகவே நாம் கேட்பவை:

1. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளிக்கும், சிறிய பள்ளிகளானால் சிலவற்றுக்குச் சேர்த்தாவது, பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும். ஏற்கெனவே வேலைச் சுமையில் தவிக்கும் ஆசிரியர் தலையில் இதையும் கட்டக் கூடாது.

2. புகார் சொன்ன பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் அன்றே பாதுகாப்பு வேண்டும்.

3. பன்னிரண்டாம் வகுப்பு வரை காலை உணவு வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாமா? கூடாது. நம் கையில் இருப்பதை நாம் செய்ய வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால் கையை ஓங்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். சாராயத்தை வீட்டுக்குள் விட்டுவிட்டுப் பிள்ளை படிக்கவில்லை என்று குறை சொல்லாதீர்கள். சாகலாம் போலிருக்கிறது என்று பிள்ளை வாய்விட்டால் நடிப்பு என்று தள்ளாதீர்கள், தனியே விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். மூன்று எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்: குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவிக்கு 14417, மனநல ஆலோசனைக்கு 14416.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோரே பெரும்பான்மை. சங்கத் தோழர்கள் அதில் போய் உட்கார வேண்டும். ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லையென்றால் நாலாம் நாள் அதன் வீட்டுக்குப் போக வேண்டும். சேரி வீடானாலும் ஊர் வீடானாலும் போக வேண்டும்.

நடக்கிற காரியமா என்று ஐயப்பட வேண்டாம். 1991-ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. கல் உடைத்த பெண்கள் எழுத்துக் கற்றார்கள். ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். வீடு வீடாகப் போய்ப் படிக்க வாருங்கள் என்று கூப்பிட்ட தொண்டர்கள் நம் மக்களேதான். எழுத்தறிவைக் கொண்டுபோன அதே வாசல்களுக்கு இன்று மீண்டும் போவோம். அங்கே வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், “உனக்கு என்ன கஷ்டம், சொல்லு, நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்வோம்!