எதிர்ப்பொருள்களும் ஆராய்ச்சிச் செலவும்

மனித உடலில் ஒரு குறிப்பிட்ட புரதம் உள்ளதா, எவ்வளவு உள்ளது என்பதை அறிய ஆராய்ச்சிக்கூடங்கள் பெரிதும் நம்பியிருப்பவை எதிர்ப்பொருள்களே. சிறு குப்பியில் வந்து சேரும் அப்பொருள் தவறான விடை தருமாயின், ஆண்டுக்கணக்கான உழைப்பு வீணாகும்.

கருவுற்ற பெண்களிடம் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோனை எடுத்துக்கொள்வோம். இப்புரதம் ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு கூறுகளால் ஆனது. ஆல்ஃபா கூறு எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டி.எஸ்.எச். ஆகிய ஹார்மோன்களிலும் உண்டு. ஆகவே ஆல்ஃபாவைப் பற்றும் எதிர்ப்பொருள், கருவுறாதவரிடத்தும் ‘உண்டு’ எனக் காட்டிவிடக் கூடும். மாதவிடாய் நின்ற பருவத்தில் எல்.எச். மிகுவதால் இவ்விடர் மேலும் பெரிது. பீட்டாவின் தனித்த பகுதியைப் பற்றுவதே பயன்படும்.

1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருள் சுரக்கும் உயிரணுவைப் புற்றுநோய் உயிரணுவுடன் இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை இடையறாது பெற வழிகண்டனர். 1984-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். அம்முறைக்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை. அது பிரிட்டனுக்கு இழப்பு; உலகுக்கு ஆதாயம் எனலாம்.

ஆயினும் சந்தை வளர்ந்த அளவிற்குத் தரம் வளரவில்லை. உலகெங்கும் எதிர்ப்பொருள்களுக்கு ஆண்டுதோறும் செலவாகும் 160 கோடி டாலரில் ஏறத்தாழப் பாதி, தரமற்றவற்றிற்கே போகிறது என்று 2015-இல் ‘நேச்சர்’ இதழில் பிராட்பரியும் புளூக்தூனும் மதிப்பிட்டனர்.

இதனைக் கண்டறியும் சோதனை எளியது. புரதத்திற்குரிய மரபணு நீக்கப்பட்ட உயிரணுவிலும் எதிர்ப்பொருள் பற்றுமாயின், அது பற்றுவது வேறெதையோ ஆகும். அச்சோதனைச் சான்றினைக் கொள்முதல் ஆணையிலேயே கோரலாம். அதற்குக் கூடுதல் ஒதுக்கீடு தேவைப்படாது.