ஓரை: ஒரு சொல்லும் ஏழு கோளங்களும்

 

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, தம் நிலவியல் நூலில் தமிழகக் கடற்கரைத் துறைகளையும் குறித்துள்ளார். அவற்றுள் 'மாலியார்பா' என்பது நம் மயிலாப்பூரே என்பர் அறிஞர் பலர். அத்துறையைக் குறித்த அதே கைதான், கிரேக்கர் கண்ட பேரண்டத்தின் அமைப்பையும் முறைப்படுத்தி எழுதியது.

அவ்வமைப்பு ஒரே நாளில் உருவானதன்று. நிலவுலகம் எதனாலும் தாங்கப்படாமல் வெளியின் நடுவே நிற்கிறது என்றார் கி.மு. ஆறாம் நூற்றாண்டினரான அனாக்சிமாண்டர். நிலம், நீர், தீ, வளி என நான்கு மூலங்களைக் கூறினார் எம்பெடோக்ளிஸ். வானுலகிற்கென ஐந்தாம் பொருளொன்றைச் சேர்த்தார் அரிஸ்டாட்டில். நிலவுருண்டை நடுவில் நிற்க, திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி என ஒன்றன் புறத்தே ஒன்றாகச் சூழ்வதே தாலமி கொண்ட வரிசை.

இவ்வரிசை இன்றும் நம் வீட்டுப் பஞ்சாங்கத்தில் வாழ்கிறது. சனியில் தொடங்கிக் கீழ்நோக்கி வந்து, ஒவ்வோர் ஓரைக்கும் ஒரு கோளை உரிமையாக்குவர். ஞாயிறன்று முதல் ஓரை ஞாயிற்றுக்கு உரியது. இருபத்துநான்கு ஓரைகள் கழிய, 25ஆவது ஓரை திங்களுக்கு வருகிறது. ஆதலின் மறுநாள் திங்கட்கிழமை. பாபிலோனியரின் கோள்நூலும், எகிப்தியரின் இருபத்துநான்கு பகுப்பும், கிரேக்கரின் கோள வரிசையும் கலந்து பிறந்ததே இக்கிழமை முறை.

'ஹோரா' என்னும் கிரேக்கச் சொல் வடமொழி வழியாக வந்து 'ஓரை' ஆயிற்று என்பர். இங்கேதான் பூசல் எழுகிறது. தொல்காப்பியக் களவியலில் 'ஓரை' என்னும் சொல் 'நாள்' என்பதோடு சேர்ந்து வருகிறது. இதனைக் கிரேக்கச் சொல்லாகவே கொண்டு, அந்நூலின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளினார் பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை. சங்கப் பாடல்களில் ஓரை என்பது மகளிர் விளையாட்டு. அது தூய தமிழ்ச்சொல் என மறுத்தனர் பிறர்.

இரு சாராரும் நின்று எண்ண வேண்டிய இடமிது. விளையாட்டைக் குறிக்கும் ஓரை தமிழ்ச்சொல் என்பதாலேயே, காலத்தைக் குறிக்கும் ஓரையும் தமிழாகிவிடாது. ஒலி ஒன்றாயினும் பிறப்பு வேறாகலாம். அதுபோலவே, ஒரு நூற்பாவின் ஒரு சொல் கடனாயினும், அது அந்நூற்பாவின் காலத்திற்குச் சான்றாகுமேயன்றி நூல் முழுமைக்கும் ஆகாது. புறநானூற்றின் இரண்டாம் பாட்டு ஐம்பூதங்களைச் சொல்வதால், அது கிரேக்கரிடம் பெற்றது என்பதும் பொருந்தாது. ஒப்புமை வேறு, உறவு வேறு. உறவு என்று நாட்டுவதற்குச் சொல்லின் தடமோ கணக்கின் தடமோ வேண்டும். கிழமை வரிசையில் அத்தடம் உண்டு, ஐம்பூதத்தில் இல்லை. கடன் பெற்றதை மறைப்பதும், பெறாததைக் கடனென்பதும் மொழிக்குச் செய்யும் தீங்கேயாம்.

1543இல் கோப்பர்நிக்கசின் நூல் வெளிவந்தது; காலப்போக்கில் தாலமியின் கோளங்கள் உடைந்தன. உடைந்த வானத்தின் வரிசையோ நம் நாவில் கிழமைப் பெயர்களாக நிலைத்துவிட்டது.

ஞாயிற்றின் செலவையும் வானத்தின் பரப்பையும் சென்று அளந்தவர்போலப் பேசுவோர் உளர் என்று புறநானூற்றில் பாடினார் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். அளப்போரை அவர் இகழவில்லை. வானை அளந்தார்க்கும் நலங்கிள்ளியின் உள்ளத்து வலிமை அளத்தற்கரியது என்றே வியந்தார். அளவைக்கு அஞ்சாமல் அதனைத் தன் பாட்டுக்குள் அழைத்துக்கொண்ட அத்துணிவு, பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்துக் கவிஞர்க்கும் வாய்ப்பதாக!