அம்மையென்று மூடி வைக்காதீர்கள்

  

வளைகுடா நாட்டில் ஒருவராவது இல்லாத குடும்பம் நம் ஊர்களில் அரிது. இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வருபவரை விமான நிலைய வாசலிலேயே ஆரத் தழுவுகிறோம். பிறந்தது முதல் தந்தையைக் கண்டிராத குழந்தையை அவர் மடியில் இருத்துகிறோம். ஊரார் வரிசையாக வந்து முஸாஃபஹா செய்கிறார்கள். இந்த மகிழ்ச்சியில் குறுக்கிடுவது என் நோக்கமன்று. ஆயினும் அதே வாசல் வழியாக வரக்கூடிய ஒரு நோயைப் பற்றி இன்று பேசியாக வேண்டும். குரங்கம்மை எனப்படும் எம்பாக்ஸ் நோயே அது.

பெயரைக் கேட்டுக் குரங்கின் மீது பழி போட வேண்டாம். 1958இல் டென்மார்க் நாட்டின் ஆய்வுக்கூடக் குரங்குகளில் இக்கிருமி முதன்முதலாகக் காணப்பட்டதால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. இயற்கையில் அதைத் தாங்கி நிற்பவை கொறிக்கும் சிறு விலங்குகளாக இருக்கலாம் என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். மனிதரில் முதன்முதலாக 1970இல் காங்கோ நாட்டில் ஒரு குழந்தையிடம் கண்டறியப்பட்டது. அரை நூற்றாண்டு காலம் ஆப்பிரிக்காவின் ஏழைக் கிராமங்களை அது வாட்டியபோது உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 2022இல் ஐரோப்பிய நகரங்களுக்கு வந்த பின்னரே அது செய்தியானது. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். 2022 ஜனவரி முதல் 2024 ஜூன் வரை 116 நாடுகளில் ஏறத்தாழ 99,000 பேருக்கு நோய் உறுதி செய்யப்பட்டது. 208 பேர் இறந்தனர். காங்கோவிலும் அண்டை நாடுகளிலும் கடுமையான மற்றொரு வகை பரவியதால் 2024 ஆகஸ்ட் 14 அன்று உலக சுகாதார நிறுவனம் இரண்டாம் முறையாக அவசர நிலையை அறிவித்தது. காங்கோவில் நோயுற்றோரில் பெரும் பகுதியினர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். 2025 செப்டம்பரில் அவ்வறிவிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. எனினும் கிருமி உலகை விட்டு விலகிவிடவில்லை.

இந்தியாவில் முதல் நோயாளி 2022 ஜூலையில் கேரளத்தின் கொல்லத்தில் கண்டறியப்பட்டார். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து வந்தவர் அவர். அதே மாதம் 30ஆம் நாள் திருச்சூரில் ஓர் இளைஞர் இறந்தார். அவரும் அமீரகத்திலிருந்து திரும்பியவர். அங்கேயே செய்த பரிசோதனையில் நோய் உறுதியாகியிருந்தது என்று பின்னரே மருத்துவர்களுக்குத் தெரியவந்தது. 2024 செப்டம்பரில் மலப்புரத்தில் நோயுற்றவரும் அமீரகத்திலிருந்து வந்தவரே. புதிய வகைக் கிருமி இந்தியாவில் காணப்பட்டது அவரிடம்தான் முதன்முறை.

அந்தத் திருச்சூர் இளைஞர் ஏன் சொல்லவில்லை என்பது அவருக்கும் அவருடைய இறைவனுக்கும் இடையிலுள்ளது. அல்லாஹ் அவர்மீது கருணை புரிவானாக. ஆனால் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: நம் மஹல்லாவில் ஒருவர் இந்நோயோடு வந்திறங்கினால், துணிந்து சொல்லும் நிலையில் அவரை நாம் வைத்திருக்கிறோமா?

சகோதரர்களே! இந்நோய் எப்படித் தொற்றுகிறது என்பதை அறியாததால்தான் பேச்சு கண்டபடி போகிறது. கொப்புளமுள்ள தோலோடு தோல் உரசுவதால், முகத்தோடு முகம் நெருங்கி நெடுநேரம் இருப்பதால், நோயாளியின் துவாலை, போர்வை, துணிகளைக் கையாளுவதால், கருவுற்ற தாயிடமிருந்து சிசுவுக்கு என்று பல வழிகளில் அது பரவுகிறது. உடலுறவு அவற்றுள் முக்கியமான ஒரு வழி. 2022இல் பல நாடுகளில் அவ்வழியே மிகுதியாகப் பரவியது என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு, கொப்புளம் கண்டவரெல்லாம் ஹராமில் விழுந்தவர் என்று தீர்ப்பெழுத உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? ஒரே அறையில் எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் உறங்கி, ஒரே கொடியில் துவாலை உலர்த்தும் தொழிலாளிக்கு அது போர்வை வழியே வந்திருக்கலாம். பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாயின் மடியிலிருந்து வந்திருக்கலாம். கண்ணால் காணாத ஒன்றைப் பிறர்மீது சுமத்துவது எத்தகைய பாவம் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தாயிஃபிலிருந்து ஸகீஃப் குலத்தார் மதீனாவுக்கு வந்தபோது அவர்களோடு தொழுநோயாளி ஒருவரும் வந்திருந்தார். நபி (ஸல்) அவர்கள் அவரைக் கைப்பற்றி பைஅத் வாங்க அழைக்கவில்லை, விரட்டவும் இல்லை. அவருடைய உறுதிமொழி ஏற்கப்பட்டுவிட்டது, திரும்பிச் செல்லலாம் என்று ஆளனுப்பித் தெரிவித்தார்கள். கை தொடவில்லை; ஆனால் அவருடைய கண்ணியத்தில் ஓர் அணுவும் குறையவில்லை. கை கொடுக்க இயலாதவரிடம் ஸலாமை நாவால் சொல்லிக்கொள்ளலாம். நோயாளியும் மனம் நோக வேண்டாம். மற்றவரும் கை நீட்டி வற்புறுத்த வேண்டாம்.

இனி அறிகுறிகள். கிருமி உடலில் நுழைந்து 3 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, களைப்பு தோன்றும். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும். பின்னர் தடிப்புகள் எழுந்து, நீர் கோத்து, சீழ் பிடித்து, பொருக்காகி உதிரும். முகம், உள்ளங்கை, உள்ளங்கால், வாய், மறைவுறுப்பு என எங்கும் வரலாம். சிலருக்குக் காய்ச்சலே இன்றி ஓரிரு கொப்புளங்கள் மட்டும் வருவதுமுண்டு. சின்னம்மையில் நெறி கட்டுவது பொதுவாகக் குறைவு. ஆனால் இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முயல வேண்டாம். கொப்புளத்திலிருந்து எடுக்கும் மாதிரியைச் சோதித்தே உறுதி செய்ய முடியும்.

இங்கேதான் நம் வீடுகளின் பழைய பழக்கம் குறுக்கே நிற்கிறது. உடம்பில் கொப்புளம் கண்டால் 'அம்மை போட்டிருக்கிறது' என்று வேப்பிலையைப் பரப்பிப் படுக்க வைத்து, மருத்துவரிடம் போகக்கூடாது என்கிறோம். நாள் கணக்கிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாளே பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். குரங்கம்மையில் தண்ணீர் ஊற்றுவது கணக்கன்று. எல்லாப் பொருக்குகளும் உதிர்ந்து, அடியில் புதுத்தோல் மூடும் வரை அது பிறருக்குத் தொற்றும். அதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை தனியறை, தனித் தட்டு, தனித் துவாலை. கொப்புளத்தைத் துணியால் மூடி, முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும். கிள்ளவோ சவரம் செய்யவோ கூடாது. போர்வையைத் துவைக்கும் தாய்மார்கள் அதை உதறாதீர்கள். பொருக்குத் துகள்கள் காற்றில் பறக்கும். சுருட்டி எடுத்து வெந்நீரிலும் சோப்புத்தூளிலும் துவைத்து, கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். கருவுற்றவர்களும் சிறு பிள்ளைகளும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் நோயாளிக்குப் பணிவிடை செய்ய வேண்டாம். நோய் நீங்கிய பின்னரும் 12 வாரங்கள் வரை தம்பதியர் ஆணுறையைப் பயன்படுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மார்க்கத்தில் வெட்கம் ஈமானைச் சேர்ந்ததுதான். எனினும் மருத்துவரிடம் கேட்பதில் வெட்கம் பாராட்ட இடமில்லை.

'எனக்குச் சிறு வயதில் அம்மை குத்தியிருக்கிறார்கள், தழும்பு இருக்கிறது' என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். பெரியம்மைக்காகக் குத்தப்பட்ட தடுப்பூசி குரங்கம்மைக்கும் ஓரளவு காப்பளிப்பது உண்மைதான். ஆனால் 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலகம் அறிவிப்பதற்கு முன்னரே அந்த ஊசி இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. என் வயதினருக்கும் நமக்கு இளையோருக்கும் தோளில் இருப்பது பெரும்பாலும் காசநோய்க்கான பிசிஜி தழும்பு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

வுளூவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பயணத்தில் ஒருவர் தலையில் காயமுற்றார். பின்னர் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபியவர்கள், அவருடைய சாவுக்கு அவர்களே காரணம் என்று கடிந்து, அறியாததைக் கேட்டறிந்திருக்க வேண்டாமா என்று வருந்தினார்கள். அன்பர்களே! மார்க்கத்தின் பெயரால் ஒரு நோயாளியை வருத்தியது நபியவர்களுக்கு எவ்வளவு கடுமையாகப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் கேடு செய்யுமென்று மருத்துவர் சொன்னால், ஹனஃபிகள் அவ்விடத்தைத் தடவி மஸஹு செய்யவும், ஷாஃபியீகள் நல்ல இடத்தைக் கழுவிப் புண்ணுள்ள இடத்துக்காகத் தயம்மும் செய்யவும் வழியுண்டு. விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிமீது ஜுமுஆ கடமையில்லை. பச்சைப்பூண்டு தின்றவரையே பள்ளியை விட்டு விலகியிருக்கச் சொன்ன மார்க்கம் இது. தொற்றும் கொப்புளத்தோடு ஸஃப்பில் தோள் சேர்ந்து நிற்பது எப்படித் தகும்? வீட்டில் லுஹர் தொழுதுகொள்ளட்டும்.

பயணம் செல்வோருக்கு: இந்நோய்க்காகப் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை, தடை விதிக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் சொல்லவில்லை. ஆனால் காய்ச்சலோ தடிப்போ இருக்கும்போது விமானம் ஏறாதீர்கள். பயணச்சீட்டுக்குக் கொடுத்த பணம் போகுமே என்ற கவலை நியாயமானது. எனினும் பக்கத்து இருக்கையில் மற்றொருவரின் குழந்தை அமர்ந்திருக்கும். திரும்பி வந்த 21 நாட்களுக்குள் உடம்பு சுகமில்லையென்றால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதையே. அவர் கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். நோயாளியோடு நெருங்கிப் பழகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். தொடர்பு ஏற்பட்ட நான்கு நாட்களுக்குள் போடப்படும் தடுப்பூசி நோயைத் தடுக்கக்கூடும் என்பதால் அது கிடைக்கும் நாட்டில் இருப்பவர் தாமதிக்கக் கூடாது. உம்ராவுக்குச் செல்வோர் தலைமழிக்கும்போது ஒருவருக்குப் போட்ட பிளேடைத் தமக்குப் போட விடாதீர்கள். புதிதாகப் பிரிப்பதைக் கண்ணால் பாருங்கள். இஹ்ராம் துணியையும் துவாலையையும் தோழரோடு மாற்றிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஹவ்ளுக்கு அருகே முகம் துடைக்கத் தொங்கும் பொதுத் துவாலையை இன்றே எடுத்துவிடுங்கள். கூடையில் கிடக்கும் பொதுத் தொப்பிகளையும் அப்புறப்படுத்துங்கள். தலை மறைக்க விரும்புவோர் சொந்தத் தொப்பி கொண்டுவரட்டும். ஒரு வீட்டில் நோய் என்று தெரிந்தால் ஜமாஅத்தின் சார்பில் மூன்று வேளை உணவு அவ்வீட்டு வாசலில் வைக்கப்பட வேண்டும். நான்கு வாரம் வேலைக்குப் போகாதவரின் வாடகையை பைத்துல்மாலிலிருந்து கவனிக்க வேண்டும். ஏனெனில் கூலிக்காக நோயை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவரை நாம் வெறும் உபதேசத்தால் வீட்டில் உட்கார வைக்க முடியாது.